பூச்சியம் பூச்சியம் விழுந்தால் நூறா, சைபரா?



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, நிந்தவூர் என்று எல்லாப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது ஒரு படம் சுற்றுகிறது. ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் பத்து முகம் கொண்ட இரண்டு தாயக்கட்டைகள். ஒன்றில் 00, மற்றதில் 0. படத்துக்குக் கீழே, "சூதாட்டச் சாமான் பள்ளிக்கூடப் பைக்குள் வந்துவிட்டது, வாப்பாமாரே விழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே வசையும் சாபமும். "மகன், இதில் விழுந்திருப்பது எத்தனை?" என்று யாராவது கேட்டார்களா என்று தேடிப் பார்த்தோம். ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் கணிதம் படிப்பிக்கிறவர்கள். அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்போம். அதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குச் சூது எது, கணக்கு எது என்று பிரிக்கவும் தெரியும். தெரியாதவர் ஹறாம் என்றாலும் ஹலால் என்றாலும் தெரியாமல்தான் சொல்கிறார்.

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். திட்டுவதானால் வாசித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் சாமானைப் பார்ப்போம். லூடோவில் உருட்டும் கட்டைக்கு ஆறு முகம். இதற்குப் பத்து முகம். ஒரு கட்டையில் 0 முதல் 9 வரை இருக்கிறது. மற்றதில் 00, 10, 20 என்று 90 வரை. முதலாவது ஒன்றுகளின் இடம், இரண்டாவது பத்துகளின் இடம். 40உம் 7உம் விழுந்தால் 47. 00உம் 5உம் விழுந்தால் 5. இரண்டாம் வகுப்பில் இடப்பெறுமானம் படித்த பிள்ளைக்கு இது விளங்கும். நூறு பேறுகள், ஒவ்வொன்றுக்கும் நூற்றில் ஒரு பங்கு நிகழ்தகவு. பாடப்புத்தகத்தில் 'கோடாத தாயக்கட்டை' என்று ஒரு சொல் வருகிறதே, கோடாத என்றால் ஒரு பக்கம் சாயாத என்று பொருள். சாயாத இரண்டு கட்டைகள், அவ்வளவுதான்.

இதை வைத்து விளையாடும் மேசை விளையாட்டுகள் உண்டு. நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒரு கதையை வளர்ப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரம். "ஆற்றை நீந்திக் கடக்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். அவருடைய பாத்திரத்துக்கு நீச்சல் 65 என்று தாளில் எழுதியிருக்கும். உருட்டினால் 65 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும், அப்போதுதான் கரை சேர்வார். 1974இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் இந்த வகை விளையாட்டைத் தொடக்கி வைத்தது. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் இந்த நூற்றுவீத உருட்டலையே தன் அடிப்படை விதியாக வைத்தது. இதில் காசு கட்டுவதில்லை. வென்றவர் தோற்றவரிடமிருந்து எதையும் எடுப்பதுமில்லை.

படத்தைப் பகிர்ந்தவர்கள் அறியாத ஒரு விசயம் இருக்கிறது. பத்து இலக்கக் கட்டை சூதாட்ட விடுதியில் பிறந்த சாமான் அல்ல. ஜப்பானின் தர நிர்ணயச் சங்கம் இருபது முகக் கட்டைகளில் 0 முதல் 9 வரை இரண்டு முறை பொறித்து, வேறு வேறு நிறங்களில் விற்றது. தொழிற்சாலைகளில் எந்தப் பொருளைப் பரிசோதனைக்கு எடுப்பது என்று எழுமாற்றாகத் தெரிவு செய்வதற்காகச் செய்யப்பட்டவை அவை. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸைச் செய்த கேரி கைகெக்ஸ் பலமுகக் கட்டைகளைக் கண்டெடுத்தது பள்ளிக்கூட உபகரணங்கள் விற்கும் ஒரு பட்டியலில். வகுப்பறைக்குள் சூதுச் சாமான் புகுந்துவிட்டது என்கிறீர்கள். வகுப்பறையிலிருந்து வெளியே போன சாமான் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்வதுதான் சரி.

தொழிற்சாலை என்றால் தூரத்துக்குப் போக வேண்டாம். மருதமுனைக்கு வாருங்கள். தறியிலிருந்து நூறு சாரன் வந்து அடுக்கியிருக்கிறது. நூறையும் விரித்துப் பார்க்க நேரமில்லை, பத்தைப் பார்க்கலாம். எந்தப் பத்தை? மேலேயிருந்து பத்தை எடுத்தால், நல்லதை மேலே அடுக்கி வைத்தவர் தப்பிவிடுவார். வாங்குபவர் தன் கண்ணுக்குப் பட்டதை எடுத்தால், விலை குறைக்க நினைப்பவர் பழுதானதையே தேடி எடுப்பார். இரண்டு பக்கமும் சண்டை வராமலிருக்க ஒரே வழி, சாரன்களுக்கு 1 முதல் 100 வரை இலக்கம் போட்டுவிட்டு, யாருடைய விருப்பமும் கலக்காத ஒன்றைக் கொண்டு பத்து இலக்கங்களை எடுப்பது. அந்த ஒன்றுதான் இந்த இரண்டு கட்டைகள். விழுந்த இலக்கமே மறுபடி விழுந்தால் இன்னொரு தடவை உருட்ட வேண்டும்.

இப்போது படத்தில் இருக்கும் 00, 0 என்ற பேற்றுக்கு வருவோம்.

"சைபரும் சைபரும் சேர்ந்தால் சைபர்தானே" என்று சொல்வீர்கள். அப்படி வாசித்தால் நூறாவது சாரனை ஒருநாளும் எவரும் பரிசோதிக்க மாட்டார்கள். எத்தனை ஆயிரம் தடவை உருட்டினாலும் அந்த இலக்கம் வராது. அடுக்கில் இல்லாத 'பூச்சியமாவது சாரன்' ஒன்றையும் நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே 1 முதல் 100 வரை எண்ணும் இடத்தில் 00உம் 0உம் நூறு.

இது யாரோ வெள்ளைக்காரன் வைத்த விநோதச் சட்டம் அல்ல. 100 என்று எழுதி, முதலில் உள்ள 1ஐ விரலால் மறைத்துப் பாருங்கள், மீதி 00. பழைய மோட்டார் சைக்கிளின் மைல் மீற்றரில் கடைசி இரண்டு இலக்கம் 99 ஆகி, அடுத்ததாக 00 ஆகும்போது வண்டி ஓடிய தூரம் பூச்சியத்துக்குத் திரும்பிவிட்டது என்று யாராவது சொல்வோமா? நூறு நிறைந்தது என்போம். அந்த 1 நமக்குத் தெரியும் இடத்துக்கு வெளியே நிற்கிறது. தமிழ்நாட்டுத் தாயத்திலும் இதே ஒழுங்குதான். இரண்டு நீளக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. பன்னிரண்டு. ஆட்டத்திலேயே பெரிய எண் அது. ஒன்றுமில்லாததை எப்படி வாசிப்பது என்று நம் மூத்தம்மாமாரின் காலத்திலேயே ஒரு முடிவு இருந்திருக்கிறது.

அந்தச் சைபர் என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். இந்திய எண்முறை அரபு உலகுக்குப் போனபோது, வெறுமை என்ற பொருளில் அதற்கு 'ஸிஃப்ர்' என்று பெயர் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி இந்த எண்களைப் பற்றி எழுதிய நூல் பின்னர் லத்தீனுக்குப் போனது. ஐரோப்பா ஸிஃப்ரைத் தன் வாய்க்கேற்ப மாற்றியது. அது கப்பலேறி நம் கரைக்கு வந்து சைபர் ஆனது. முஸ்லிம் அறிஞர் உலகுக்குப் படிப்பித்த ஒரு வட்டத்தை, ஒரு முஸ்லிம் பிள்ளையின் கையில் கண்டதும் சூது என்று அலறுகிறோம். இதை எங்கே போய்ச் சொல்வது?

சரி, 00உம் 0உம் நூறு என்பது மட்டும்தான் வழியா? இல்லை. இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒன்றுகளின் கட்டையில் விழும் 0ஐ எப்போதும் 10 என்று வாசிப்பது. அப்போது 90உம் 0உம் நூறு, 00உம் 0உம் பத்து. மற்றது, 0 முதல் 99 வரை எண்ணுவது. அப்போது 00உம் 0உம் வெறும் பூச்சியம். மூன்றிலும் நூறு பேறுகள், மூன்றிலும் எல்லாப் பேறுகளுக்கும் சமவாய்ப்பு. மூன்றும் நீதியானவை. நாங்கள் முதலாவதை எடுக்கிறோம், ஏனென்றால் 40உம் 0உம் விழுந்ததைப் பிள்ளை 40 என்றுதான் இயல்பாக வாசிக்கும். ஒரேயொரு விதிவிலக்கை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

நீதி எங்கே கெடுகிறது தெரியுமா? வழிகளைக் கலக்கும்போது. ஒருவர் "0 என்றால் 10" என்று வாசித்துக்கொண்டு வருகிறார். 90உம் 0உம் விழுகிறது, நூறு என்கிறார். சரி. பிறகு 00உம் 0உம் விழுகிறது. அதையும் நூறு என்கிறார். இப்போது நூறாவது சாரனுக்கு இரண்டு வாய்ப்பு, பத்தாவது சாரனுக்கு ஒன்றுமே இல்லை. கட்டை கோடவில்லை. வாசித்தவர் கோடிவிட்டார்.

இதைவிடப் பெரிய கோட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு கட்டைகளும் ஒரே நிறம், இரண்டிலும் 0 முதல் 9 வரைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது பத்துகளின் கட்டை என்று உருட்டுமுன் சொல்லவில்லை. 8உம் 2உம் விழுகிறது. 82ஆ, 28ஆ? 30க்குள் விழ வேண்டிய பையன் என்ன சொல்வான்? "28" என்பான். பொய் சொன்னதாகவே அவனுக்குத் தோன்றாது. கண்ணெதிரே 2 இருக்கிறது, 8 இருக்கிறது. தனக்கு வசதியாக ஒன்றை முன்னால் வைத்தான், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானின் விலையைக் கணக்கிடுவோம். முன்கூட்டியே சொல்லி உருட்டினால் 30க்குள் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 30. விழுந்ததைப் பார்த்துவிட்டு, சிறியதாக வரும்படி மாற்றி வாசித்தால்? இரண்டு கட்டைகளும 3 அல்லது அதற்கு மேல் காட்டினால் மட்டும் தப்பிக்க முடியாது. அது 7 பெருக்கல் 7, ஆக 49 வழிகள். இரண்டும் 0 காட்டினால் நூறு, அதுவும் தப்பாது. மொத்தம் 50. மற்ற 50 வழிகளிலும் பையன் வென்றுவிடுவான். நூற்றுக்கு 30 ஆக இருந்தது நூற்றுக்கு 50 ஆகிவிட்டது. கட்டையில் ஈயம் வைக்கவில்லை, கையில் வித்தை காட்டவில்லை. விழுந்த பிறகு வாசிப்பை மாற்றியதால் மட்டுமே இருபது வீதம் களவு போயிருக்கிறது.

சூதின் குணம் இங்கேதான் இருக்கிறது என்கிறோம். பார்த்துவிட்டு வாசிப்பதில். இதை ஒரு பிள்ளைக்கு நெய்யரி கீறி, நூறு கட்டங்களையும் எண்ணவைத்து, ஐம்பதை நிறந்தீட்டச் சொல்லிக் காட்டினால், அந்தப் பிள்ளை வாழ்நாளில் இலேசில் ஏமாறாது. ஏமாற்றவும் கூசும்.

இனி மார்க்கத்தின் பக்கம். இதைச் சுற்றிவளைத்துப் போக எங்களுக்கு விருப்பமில்லை. தாயக்கட்டை உருட்டி ஆடும் நர்த் என்ற விளையாட்டைக் கடுமையாகக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதைக் காட்டிப் பெரும்பாலான இமாம்கள் பந்தயம் இல்லாவிட்டாலும் நர்த் கூடாது என்றிருக்கிறார்கள். நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்களில், கணிப்பிலும் சிந்தனையிலும் நிற்கும் விளையாட்டு வேறு, வெறும் ஊகத்தில் நிற்கும் விளையாட்டு வேறு என்று பிரித்தும் பேசியிருக்கிறார்கள். மேசைக் கதை விளையாட்டு இதில் எந்தப் பக்கம் வரும் என்று தீர்ப்புச் சொல்வது கணித ஆசிரியரின் வேலை அல்ல. உலமாக்களின் வேலை. அவர்கள் விளங்கிக்கொண்டு "வேண்டாம்" என்றால், பிள்ளைகளிடம் "வைத்துவிடுங்கள்" என்று முதலில் சொல்வது நாங்கள்தான்.

ஆனால் விளங்கிக்கொண்டு என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். ஒரு படத்தை மட்டும் அனுப்பி, "ஹஸ்ரத், இது சூதா?" என்று கேட்டால் எந்த ஆலிமும் என்ன சொல்வார்? நோயாளியைக் கொண்டுபோகாமல் சட்டையை மட்டும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுவது போன்றது அது. என்ன செய்கிறார்கள், காசு உண்டா, எதற்காக உருட்டுகிறார்கள், பாடமா ஆட்டமா என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள்.

பாடத்தையும் ஆட்டத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். நிகழ்தகவு அரசாங்கப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் படிக்க வேண்டிய அலகு. நாணயம், தாயக்கட்டை, பையில் இட்ட மணிகள் எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே படத்தோடு இருக்கின்றன. அதைப் படிப்பது ஆட்டம் ஆடுவதாகாது. மதுவின் இரசாயனச் சூத்திரத்தை விஞ்ஞானப் பாடத்தில் எழுதும் பிள்ளை மது அருந்தியதாகாது.

எழுமாற்றாகத் தெரிவு செய்வதே மார்க்கத்துக்கு அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. றஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பயணம் போகும்போது மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்ததை ஸஹீஹுல் புகாரியில் வாசிக்கிறோம். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை யார் பொறுப்பெடுப்பது என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்ததை ஆலஇம்ரான் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அதே குர்ஆன் அல்மாஇதா அத்தியாயத்தில் அம்புகளைக் கொண்டு குறி பார்ப்பதைத் தடுத்திருக்கிறது. வேறுபாடு எங்கே? கருவியிலா? சமமான உரிமை உள்ளவர்களுக்கு இடையே மனக்கசப்பில்லாமல் தெரிவு செய்வது ஒன்று. மறைவானதை அறிந்துவிடலாம் என்று நம்பிக் கேட்பது இன்னொன்று. கட்டை விழுந்ததைப் பார்த்து "இன்று பயணம் சரிவராது" என்று சொல்பவரைப் பாருங்கள், அங்கே நாங்களும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்போம்.

அப்படியும் மனம் ஒப்பவில்லையா? கட்டையைத் தூக்கி வீசிவிடுங்கள். இரண்டு சட்டி எடுங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுகளைப் போடுங்கள். ஒன்று பத்துகளின் சட்டி, மற்றது ஒன்றுகளின் சட்டி. கண்ணை மூடி ஒவ்வொன்று எடுங்கள், பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். கணக்கில் ஒரு புள்ளியும் மாறாது. அப்போதும் இரண்டு பூச்சியம் வரும். அப்போதும் "நூறா சைபரா" என்ற கேள்வி உங்கள் முன்னால் வந்து உட்காரும். எடுக்குமுன் எந்தச் சட்டி பத்து என்று சொல்லாதவர் அப்போதும் களவெடுப்பார். கட்டையை ஒழித்துவிட்டால் பிரச்சினை ஒழிந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு இதுதான் எங்கள் பதில்.

இதை இவ்வளவு தூரம் இழுப்பது ஏன் என்று கேட்பீர்கள். நம்மூரில் நூற்றுவீதத்தை வாசிக்கத் தெரியாமல் நடக்கும் கூத்து கொஞ்சநஞ்சமல்ல.

பரீட்சை முடிவு வந்ததும் மதிலெல்லாம் பனர். "எங்கள் வகுப்பில் 100 வீதம் சித்தி." எத்தனை பேரில் 100 வீதம்? ஆரம்பத்தில் சேர்ந்தவர்களிலா, பாதியில் நிற்கச் சொல்லி அனுப்பியவர்களைக் கழித்த பிறகு மிஞ்சியவர்களிலா? முடிவைப் பார்த்த பிறகு பகுதியெண்ணைத் தெரிவு செய்தால் எவரும் நூறு காட்டலாம். 82ஐ 28 என்று வாசித்த பையனும் இதைத்தான் செய்தான். அவன் கையில் கட்டை, இவர்கள் கையில் பனர். அந்தப் பையனுக்குச் சாபம், இந்தப் பனருக்கு மாதக் கட்டணம்.

"மூன்று தடவை சரிவரவில்லை, நாலாவது தடவை கட்டாயம் சரிவரும்" என்று லொத்தர் சீட்டுக் கடைக்கு முன்னால் நிற்பவர்களைப் பாருங்கள். அதைத் தடுக்க ஒரு ஜும்ஆ பிரசங்கத்தோடு ஒரு கணிதப் பாடமும் தேவை. நூற்றுக்கு 30 வாய்ப்புள்ள ஒன்றை ஐந்து தடவை உருட்டுங்கள். ஐந்திலும் விழாமல் போகும் வாய்ப்பு 0.7 ஐந்து தடவை பெருக்கியது, அதாவது நூற்றுக்கு 17 அளவில். அப்படி ஐந்து தடவை தவறிய பிறகும் ஆறாவது உருட்டலின் வாய்ப்பு அதே 30தான். கட்டைக்கு ஞாபகம் இல்லை. நேற்று யாருடைய வீட்டில் அழுதார்கள் என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் கேளுங்கள். நூறில் ஒரு வாய்ப்பு என்றால், நூறு தடவை உருட்டினால் ஒரு தடவை நிச்சயம் விழும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். படித்தவர்களும் நினைக்கிறார்கள். உண்மையில், நூறு தடவை உருட்டினாலும் அந்த இலக்கம் ஒரு தடவைகூட விழாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 37 அளவில் இருக்கிறது. மறுபக்கம், முதல் இரண்டு உருட்டலிலேயே அடுத்தடுத்து விழவும் கூடும்.

இது வெறும் கட்டைக் கதையா? "நூறு வருசத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று பொறியியலாளர்கள் சொல்வதை நாம் எப்படி வாசிக்கிறோம்? "போன தடவை வந்துவிட்டது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான்" என்று வாசித்துவிட்டு, வடிந்தோடும் வாய்க்காலை மண் போட்டு நிரப்பி மதில் கட்டுகிறோம். அந்தச் சொல்லின் பொருள், ஒவ்வொரு வருசமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். ஒரு வீட்டில் முப்பது வருசம் வாழ்ந்தால், அந்த அளவு வெள்ளத்தை ஒரு தடவையாவது காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நாலில் ஒன்றுக்கும் சற்று மேல். வீடு கட்டும்போது நாலில் ஒரு சுவர் விழும் என்று மேசன் சொன்னால் அந்த இடத்தில் கட்டுவோமா?

2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையில் மறந்தவர் யாரும் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். கடல் கட்டை உருட்டுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நடப்பதெல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதும் நம் ஈமான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. எந்தக் கயிறு எவ்வளவு பலம் என்று பார்ப்பதும் கட்டுவதில் சேர்த்திதான். "ஒரு தடவை வந்தது, இனி வராது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊர், கயிற்றைப் பார்க்காமல் ஒட்டகத்தைக் கட்டுகிறது.

விளையாடும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வக்காலத்து வாங்கத்தான் இதை எழுதினோம் என்று நினைக்காதீர்கள். "இது கணிதம்தானே சேர்" என்று சொல்லிக்கொண்டு இஷாவையும் மறந்து விடிய விடிய மேசையில் இருப்பவர்களையும் நாங்கள் அறிவோம். ஐம்பது ரூபாதானே என்று பந்தயம் கட்டினால், அந்த நிமிடமே அது தெளிவான மைஸிர். அதற்குமேல் உங்களுக்காகப் பேச எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை. இன்னொன்று, தாழ்ந்த எண் நல்லது என்று வைத்த ஆட்டத்தில் 00உம் 0உம் விழுந்தால் அது நூறு, ஆகக் கெட்ட பேறு. அதையே சைபர் என்று வாசித்தால் ஆக நல்ல பேறு. அந்த நேரத்தில் உங்கள் வாய் எதைச் சொல்கிறது என்று கவனியுங்கள். எதிரே இருப்பவனுக்கு விழுந்தபோது நூறு, உங்களுக்கு விழுந்தபோது சைபர் என்றால், உங்கள் கையில் இருப்பது கணிதமல்ல.

எங்கள் வேண்டுகோள்கள் இவை.

பெற்றோரே, படத்தை அடுத்த குழுவுக்கு அனுப்புமுன் பிள்ளையிடம் கேளுங்கள்: இதை எப்படி வாசிப்பது? காசு உண்டா? எந்த நேரத்தில்? மூன்று கேள்வி போதும். பிள்ளை தெளிவாகப் பதில் சொன்னால் நீங்களும் ஒன்றைப் படித்திருப்பீர்கள். தடுமாறினால் வீட்டுக்குள்ளேயே திருத்தலாம். நாலாயிரம் பேர் முன்னால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கையைக் காட்டி மானத்தை வாங்கத் தேவையில்லை. ஒரு முஸ்லிமின் மானத்துக்கு என்ன பெறுமதி என்று நம் மிம்பர்களில் கேட்காத வாரம் உண்டா?

பள்ளிவாசல் நிருவாகத்தினரே, இதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் உலமாக்களோடு கணித ஆசிரியர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நாங்கள் கட்டையும் கொண்டுவருவோம், சட்டியும் துண்டும் கொண்டுவருவோம்.

சக ஆசிரியர்களே, நிகழ்தகவை வெண்கட்டியால் மட்டும் படிப்பிக்க முடியாது. பிள்ளையின் கையால் நூறு தடவை எடுக்கவிட்டு, விழுந்ததை எழுதவிட வேண்டும். ஆனால் முதல் துண்டை எடுக்குமுன், எந்தச் சட்டி பத்து, இரண்டு பூச்சியம் வந்தால் என்ன என்ற இரண்டு வரியையும் கரும்பலகையில் எழுதுங்கள். பாடம் முடியும்வரை அதை அழிக்காதீர்கள். இடையில் வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை வந்து "சேர், இந்த ஒருதடவை மட்டும் மாற்றுவோமே" என்று கேட்கும். மாற்றாதீர்கள். நிகழ்தகவைவிடப் பெரிய பாடம் அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது.

வாசிப்பை முன்னால் சொல், பிறகு உருட்டு, விழுந்ததை ஏற்றுக்கொள். வயல் பங்கு பிரிக்கும்போதும், சங்கக் கணக்குக் காட்டும்போதும், உதவிப் பொருளுக்குப் பெயர்ப்பட்டியல் போடும்போதும், வாக்கெண்ணி முடிந்து வெற்றி தோல்வியை விளக்கும்போதும் இந்த ஊருக்குத் தேவையான ஒழுக்கம் இதுதான். பெரியவர்கள் நாம் பல தடவை விழுந்ததைப் பார்த்துவிட்டே வாசிக்கிறோம். பிள்ளைகளாவது முதலில் சொல்லிவிட்டு உருட்டப் பழகட்டும்.

படத்தில் இருக்கும் பிள்ளைக்கு விழுந்தது நூறு. சந்தேகம் உள்ளவர்கள் கீழே கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் பதில் சொல்கிறோம். வசையை மட்டும் இன்பொக்ஸில் அனுப்புங்கள், பிள்ளைகளும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.